சார்ட் எழுதும் முன் கேளுங்கள்

ஜிம்மிலும் வாட்ஸ்அப் குழுவிலும், நாற்பதைத் தாண்டிய பெண்களுக்கு எடை குறைக்கும் சார்ட் எழுதிக் கொடுக்கும் பயிற்சியாளர்களே,

நான் ஒரு பள்ளி ஆசிரியை. ஐம்பதை நெருங்கிக்கொண்டிருப்பவள். எங்கள் ஆசிரியர் ஓய்வறையில் பல பெண்களின் கைப்பேசியில் உங்களில் யாரோ ஒருவர் அனுப்பிய சார்ட் இருக்கிறது. மருத்துவர் எழுதிய மாத்திரையை மறந்துபோகிறவர்கள்கூட நீங்கள் சொன்ன சீரகத் தண்ணீரை மறப்பதில்லை. அந்த அளவுக்கு உங்கள் சொல் அவர்களிடம் செல்லுபடியாகிறது. இந்த மடலை மருத்துவர்களுக்கோ அரசுக்கோ எழுதாமல் உங்களுக்கு எழுதுவது அதனால்தான்.

என் கண்ணில் பட்ட சார்ட் ஒன்றைச் சொல்கிறேன். விடியற்காலை எலுமிச்சையும் தேனும் கலந்த வெந்நீர். எட்டரை மணிக்கு இரண்டு முட்டையின் வெள்ளைக்கரு, ஒரு வெள்ளரிக்காய். பகலில் எண்ணெய் இல்லாமல் ஒரு சப்பாத்தி, ஒரு கப் காய்க் கூட்டு, ஒரு டம்ளர் மோர். மாலையில் கிரீன் டீ, ஒரு கைப்பிடி பொட்டுக்கடலை. இரவு ஏழு மணிக்குள் காய்கறி சூப், ஒரு கப் பப்பாளி. அவ்வளவுதான் ஒரு நாள் சாப்பாடு. தாராளமாகக் கூட்டினாலும் 700 கலோரியைத் தாண்டவில்லை. அனுப்பியவர் கூட்டிப் பார்த்திருப்பாரா? அதைப் பெற்ற அம்மாவின் வயது, உயரம், தினமும் விழுங்கும் மாத்திரைகள், ரத்தத்தில் எவ்வளவு ஹீமோகுளோபின், இவற்றில் ஏதாவது ஒன்றையாவது கேட்டிருப்பாரா? எடை எவ்வளவு என்று கேட்டார். பணம் போட்டாயிற்றா என்று கேட்டார். சார்ட் வந்துவிட்டது.

அந்த 700-ஐ ஒரு சாதாரணக் கணக்கோடு வைத்துப் பாருங்கள். 45 வயது, 155 சென்டிமீட்டர் உயரம், 68 கிலோ எடை என்று ஒரு பெண்ணை எடுத்துக்கொள்வோம். அவர் நாள் முழுக்கப் படுத்தே கிடந்தாலும், மூச்சு விடவும் இதயம் துடிக்கவும் உடல் சூட்டைக் காக்கவும் எவ்வளவு வேண்டும்? உங்களில் பலரும் செயலியில் பயன்படுத்தும் மிஃப்ளின் செயின்ட் ஜியோர் சூத்திரப்படி சுமார் 1,260 கலோரி. அவர் படுத்துக் கிடப்பவரும் அல்ல. ஐந்து மணிக்கு எழுந்து இரண்டு வேளைச் சமையலை முடித்து, பாத்திரம் துலக்கி, பேருந்தில் நின்றுகொண்டே போய், மாலையில் திரும்பி வந்து மறுபடியும் அடுப்படியில் நிற்பவர். 2019-ல் மத்திய அரசு எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், சம்பளமில்லாத வீட்டு வேலை செய்யும் பெண்கள் அதற்கு ஒரு நாளில் சராசரியாக 299 நிமிடம் செலவழிப்பது தெரிந்தது. ஆண்கள் 97 நிமிடம். இந்த ஓட்டத்தையும் சேர்த்தால் அவருடைய ஒரு நாள் தேவை ஏறக்குறைய 1,700. ஐதராபாத்தில் இருக்கும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2020-ல் வெளியிட்ட பரிந்துரையும், அதிக அசைவில்லாத 55 கிலோப் பெண்ணுக்கே 1,660 கலோரி என்கிறது.

1,700 தேவைப்படுகிறவரிடம் 700 கொடுப்பது எடைக் குறைப்பு ஆகாது. அது பட்டினி. படுத்துக் கிடக்கவே போதாத சாப்பாட்டைக் கொடுத்துவிட்டு, அதன்மேல் ஒரு மணி நேரம் ஜும்பாவும் ஆடச் சொல்கிறீர்கள்.

அப்படியானால் எத்தனை கலோரி சரி என்று கேட்பீர்கள். உலகம் இதற்கு ஒரே எண்ணைச் சொல்லவில்லை, ஒரு வரம்பைச் சொல்கிறது. அமெரிக்க இதயநோய் அமைப்புகள் 2013-ல் தந்த வழிகாட்டுதல் பெண்களுக்கு 1,200 முதல் 1,500 வரை என்றது. அல்லது அவரவர் தேவையிலிருந்து 500 முதல் 750 வரை குறைக்கலாம் என்றது. நம் ஊட்டச்சத்து நிறுவனம் எடை குறைக்கும் உணவு எக்காரணம் கொண்டும் 1,000-க்குக் கீழே போகக்கூடாது, வாரத்துக்கு அரைக் கிலோ குறைவதே பாதுகாப்பு என்கிறது. 800-க்குக் கீழே போவது மருத்துவரின் நேரடிக் கண்காணிப்பில், குறிப்பிட்ட காலத்துக்கு மட்டும், குறிப்பிட்ட நோயாளிகளுக்குச் செய்யும் சிகிச்சை. மருத்துவமனைக்கு உரிய அந்த அளவை நீங்கள் கைப்பேசியில் படமாக அனுப்பிக்கொண்டிருக்கிறீர்கள்.

1,200 என்ற எண்ணையும் மந்திரம்போல் பிடித்துக்கொள்ளாதீர்கள். பெண்களுக்கு 1,200 என்பது 1918-லேயே லூலு ஹன்ட் பீட்டர்ஸ் என்ற அமெரிக்க மருத்துவர் எழுதிய கலோரிப் புத்தகத்தில் இருக்கிறது. நூறு ஆண்டு பழைய அந்த எண் ஐந்தடி உயரமுள்ள, 60 கிலோ எடையுள்ள, உட்கார்ந்து வேலை பார்க்கும் ஐம்பது வயதுப் பெண்ணுக்கு ஏறக்குறையப் பொருந்தலாம். நான் மேலே சொன்ன 68 கிலோப் பெண்ணுக்கு 1,300-க்கும் 1,400-க்கும் இடையே ஏதோ ஒன்று பொருந்தும். காலையிலிருந்து இரவுவரை தையல் ஆலையில் நின்று வேலை செய்யும் பெண்ணுக்கு 1,500-கூடக் குறைவாக இருக்கலாம். மூவருக்கும் ஒரே படத்தை அனுப்பும் உரிமையை உங்களுக்கு யார் கொடுத்தது?

இன்னொன்று. "நாற்பது ஆயிடுச்சுல்ல அக்கா, மெட்டபாலிசம் விழுந்துடும், சாப்பாட்டைப் பாதியாக்கினாதான் இறங்கும்" என்று எல்லாரிடமும் சொல்கிறீர்கள். 29 நாடுகளைச் சேர்ந்த ஆறாயிரத்துக்கும் மேற்பட்டவர்களை அளந்து 2021-ல் சயின்ஸ் இதழில் வந்த ஆய்வு வேறு சொல்கிறது. உடலின் அளவையும் தசையையும் கணக்கில் எடுத்துக்கொண்டால், இருபது வயதிலிருந்து அறுபது வயதுவரை உடல் எரிக்கும் கலோரி பெரிதாக மாறுவதில்லை. அறுபதுக்குப் பிறகே மெல்லக் குறைகிறது. நாற்பதுகளில் மாறுவது வேறு. மாதவிடாய் நிற்பதற்கு முந்தைய ஆண்டுகளில் கொழுப்பு சேரும் வேகம் கூடுகிறது, தசை குறையத் தொடங்குகிறது, இடுப்பில் இருந்த கொழுப்பு வயிற்றுக்கு வருகிறது. இரவில் வியர்த்து எழுந்து தூக்கம் கெடுகிறது. நம் நாட்டில் சராசரியாக 46, 47 வயதிலேயே மாதவிடாய் நின்றுவிடுகிறது என்பதால் இந்த மாற்றங்கள் நாற்பதின் தொடக்கத்திலேயே வந்து நிற்கின்றன. ஆக, அந்தப் பெண்கள் இழந்துகொண்டிருப்பது தசையையும் எலும்பையும். அவற்றைக் காப்பாற்றும் சார்ட்தான் அவர்களுக்கு வேண்டும். நீங்கள் கொடுப்பதோ அவற்றை இன்னும் வேகமாகக் கரைக்கிறது.

எப்படி என்று கேளுங்கள். கலோரி திடீரென்று பாதிக்குக் கீழே போனால் உடல் கொழுப்பை மட்டும் எடுத்துச் செலவழிப்பதில்லை, தசையையும் உடைத்துத் தின்கிறது. அந்தத் தசைதான் சும்மா இருக்கும்போதும் கலோரியை எரித்துக்கொண்டிருந்தது. வீட்டுச் செலவைக் குறைக்கிறேன் என்று கறவை மாட்டை விற்ற கதைதான். மாதவிடாய் நிற்கும் காலத்தையொட்டி எலும்பு கரையும் வேகமும் உச்சத்தில் இருக்கிறது. அந்த நேரம் பார்த்துப் பாலையும் தயிரையும் பருப்பையும் நிறுத்தினால் பத்துப் பதினைந்து ஆண்டு கழித்து ஒருநாள் குளியலறையில் வழுக்கி விழும்போது இடுப்பெலும்பு கணக்குத் தீர்க்கும். வாரத்துக்கு ஒன்றரைக் கிலோவுக்கு மேல் எடை இறங்கினால் பித்தப்பையில் கல் சேரும் வாய்ப்பு கூடுகிறது. உங்கள் "இருபத்தொரு நாள் சவால்" முடிந்த சில மாதத்தில் வலது விலாவுக்கடியில் வலி என்று மருத்துவமனைக்கு ஓடுகிறவர் அதையும் இதையும் இணைத்துப் பார்ப்பதுகூட இல்லை. தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுவரை உள்ள பெண்களில் பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு ரத்தசோகை என்று ஐந்தாவது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு சொல்கிறது. ஏற்கெனவே ரத்தம் குறைந்தவரிடம் கீரையையும் பருப்பையும் மீனையும் பறித்துவிட்டு, "முடி கொட்டுது" என்று அவர் வந்து நிற்கும்போது பயோட்டின் மாத்திரை விற்கிறீர்கள்.

இப்படிச் சாப்பிடும் ஒருவருக்கு 43 வயதில் மாதவிடாய் தள்ளிப்போனால், "மெனோபாஸ் வந்துடுச்சு போல" என்று அவரே முடிவுகட்டிக்கொள்கிறார். போதிய சாப்பாடு இல்லாமல் உடல் அதை நிறுத்தி வைத்திருக்கவும் கூடும் என்று அவருக்கு யாரும் சொல்வதில்லை.

எல்லாவற்றையும்விட எனக்கு அச்சம் தருவது மாத்திரைகள். சர்க்கரைக்குக் கிளிமெபிரைடு போன்ற மாத்திரை போடுகிறவர் அதே அளவைப் போட்டுக்கொண்டு உங்கள் சூப்பை மட்டும் குடித்தால், சர்க்கரை மளமளவென்று இறங்கி மயங்கி விழலாம். இப்போது பலருக்கும் எழுதப்படும் டாபாகிளிஃப்ளோசின் வகை மாத்திரையைப் போட்டுக்கொண்டு அரிசி, கோதுமை இரண்டையும் அடியோடு நிறுத்தினால் ரத்தத்தில் அமிலம் கூடி உயிருக்கே ஆபத்து வரலாம். அதுவும் சர்க்கரை அளவு பெரிதாக ஏறாமலே. ரத்த அழுத்தத்துக்கு நீர் பிரியும் மாத்திரை போடுகிறவரை உப்பில்லாமல், சாப்பாடில்லாமல் ஓடவிட்டால் எழுந்து நிற்கும்போது கண் இருட்டும். நாற்பத்தைந்து வயதில் பல பெண்கள் ஏதோ ஒரு மாத்திரையில் இருக்கிறார்கள். உங்கள் சேர்க்கைப் படிவத்தில் அதற்கு ஒரு கட்டம்கூட இல்லை.

"ஆனா எடை இறங்குதே" என்பீர்கள். இறங்குகிறது. முதல் வாரத்தில் இறங்கும் மூன்று கிலோவில் பெரும்பகுதி தண்ணீர் என்பது உங்களுக்கே தெரியும். தசையிலும் ஈரலிலும் சேமித்திருக்கும் சர்க்கரை செலவாகும்போது, அதோடு ஒட்டியிருந்த தண்ணீரும் வெளியேறுகிறது. அந்த வாரத்துப் படத்தைத்தான் நீங்கள் ஸ்டேட்டஸில் போடுகிறீர்கள். ஆறாவது மாதப் படத்தை நான் எங்கும் பார்த்ததில்லை.

பட்டினி மனிதரை என்ன செய்யும் என்பதை மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்செல் கீஸ் குழு 1944, 45-ல் அளந்து பார்த்தது. உடல்நலத்தோடு இருந்த 36 இளைஞர்களுக்கு அவர்கள் தேவையில் ஏறக்குறையப் பாதியாக, நாளுக்குச் சுமார் 1,570 கலோரி, 24 வாரம் கொடுத்தார்கள். எடை கால் பங்கு குறைந்தது. கூடவே குளிர் தாங்கவில்லை, எரிச்சல், சோர்வு, எதிலும் பற்றின்மை. நாள் முழுக்கச் சாப்பாட்டு நினைவு. சமையல் புத்தகங்களைக் கையில் வைத்துப் படித்துக்கொண்டிருந்தார்கள். உறுதியான கொள்கைக்காகப் போருக்குப் போக மறுத்தவர்கள் அவர்கள், மனவலிமைக்குக் குறைவில்லை. பாதி சாப்பாட்டில் அவர்களுக்கே அந்த நிலை. பாதிக்கும் குறைவாகக் கொடுத்துவிட்டு எங்கள் பெண்களைப் பார்த்து, "வில் பவர் இல்லை மேடம் உங்களுக்கு" என்கிறீர்கள்.

என் பெரிய மனக்குறை இதுதான். எடை இறங்கினால் பெருமை உங்கள் திட்டத்துக்கு, ஏறினால் பழி அந்தப் பெண்ணுக்கு. அமெரிக்கத் தொலைக்காட்சியில் போட்டியாக எடை குறைத்த 14 பேரை ஆறு ஆண்டு கழித்து அளந்து 2016-ல் எழுதினார்கள். அவர்கள் உடல், இருக்கும் எடைக்கு எரிக்க வேண்டிய கலோரியைவிட நாளுக்குச் சுமார் 500 குறைவாக எரித்துக்கொண்டிருந்தது. பெரும்பாலானவர்களுக்கு எடை திரும்பியிருந்தது. சேமித்துப் பழகிய உடல் பழக்கத்தை விடவில்லை. இதெல்லாம் தெரியாத எங்கள் சக ஆசிரியை ஒருவர், பொங்கலுக்கு வைத்த சர்க்கரைப் பொங்கலில் ஒரு கரண்டி சாப்பிட்டதற்கு உங்கள் குழுவில் எல்லார் முன்னாலும் மன்னிப்புக் கேட்டார். இரண்டு பிள்ளைகளை வளர்த்து, முந்நூறு பிள்ளைகளுக்குப் பாடம் நடத்துகிறவர், "சாரி கோச், இன்னிக்கு சீட் பண்ணிட்டேன்" என்று எழுதினார். பதிலுக்கு ஓர் அழுமூஞ்சிப் படம் வந்தது.

உங்களை ஒட்டுமொத்தமாகத் தூற்றுவது என் நோக்கம் இல்லை. மருத்துவமனையில் ஒரு நிமிடத்தில், "வெயிட்டைக் குறைங்கம்மா" என்று சொல்லி அனுப்பிவிடுகிறார்கள். எப்படி என்று சொல்ல அங்கே யாருக்கும் நேரம் இல்லை. நீங்கள் நேரம் கொடுத்தீர்கள். சேலைத் தலைப்பைச் செருகிக்கொண்டு ஜிம் வாசலில் தயங்கி நின்ற பெண்களை உள்ளே கூப்பிட்டு டம்பெல் தூக்க வைத்தீர்கள். அது சாதாரண விஷயம் இல்லை. எடைப் பிரச்சினையும் பொய் இல்லை. அதே குடும்பநலக் கணக்கெடுப்பில் தமிழகப் பெண்களில் நூற்றுக்கு நாற்பது பேர் உயரத்துக்கு மிஞ்சிய எடையில் இருக்கிறார்கள். சர்க்கரையும் முழங்கால் வலியும் அவர்களுக்காகக் காத்திருக்கின்றன. குறைக்க வேண்டும் என்பதில் உங்களுக்கும் எனக்கும் சண்டை இல்லை.

எங்கிருந்து குறைப்பது என்பதில்தான். நானூறு கலோரியைக் குறைக்க ஒரு பெண்ணின் தட்டைக் காலி செய்ய வேண்டியதில்லை. ஒரு டீஸ்பூன் எண்ணெய் 45 கலோரி. தாளிப்பில், பொரியலில், தோசைக்கல்லில் என்று நாளுக்கு மூன்று டீஸ்பூன் குறைந்தாலே 135. நாலு காபியை இரண்டாக்கி, அதிலும் சர்க்கரையைப் பாதியாக்கினால் நூறுக்கு மேல். குழந்தை மிச்சம் வைத்த தட்டில் இருக்கும் சோற்றை, "வீணாகுதே" என்று வாயில் போட்டுக்கொள்வதை நிறுத்தினால் இன்னொரு நூறு. மாலையில் பேக்கரிக் கடை பப்ஸுக்குப் பதில் சுண்டல். கணக்கு முடிந்துவிட்டது.

நானூறைக் குறைத்த பிறகும் ஒரு நாள் சாப்பாடு இப்படி இருக்கலாம். காலையில் மூன்று இட்லி, ஒரு கப் சாம்பார், கொஞ்சம் சட்னி. பகலில் ஒரு கப் சோறு, கீரைக் கூட்டு, இரண்டு துண்டு மீன் குழம்பு, மோர். மாலையில் ஒரு கப் கொண்டைக்கடலைச் சுண்டல். இரவில் இரண்டு சப்பாத்தி, ஒரு முட்டையும் காயும். இரண்டு காபியும் சேர்த்து ஏறக்குறைய 1,400 கலோரி, அறுபது கிராமுக்குக் குறையாத புரதம். மீன் சாப்பிடாதவருக்குப் பருப்பும் தயிரும் பனீரும் கூடட்டும். இதில் எதுவும் தனிச் சமையல் இல்லை, வீட்டுக்கு வைத்த குழம்பிலிருந்தே எடுத்துக்கொள்ளலாம். ஐந்து பேருக்கு ஒரு சமையல், தனக்கு ஒரு சூப் என்று இரண்டு அடுப்பு மூட்ட எந்தப் பெண்ணுக்கும் தெம்பு இல்லை. உங்கள் சார்ட் பத்தாம் நாள் கிழிவதற்கு அதுவும் காரணம்.

ஆகவே என் கோரிக்கைகளைச் சொல்கிறேன்.

சார்ட் எழுதும் முன் கேளுங்கள்: வயது, உயரம், எடை, இடுப்புச் சுற்றளவு, நாள் முழுக்கச் செய்யும் வேலை, மாதவிடாய் நிலை, போடும் மாத்திரைகள். ஹீமோகுளோபின், தைராய்டு, சர்க்கரைப் பரிசோதனைச் சீட்டைப் பாருங்கள். சர்க்கரை, ரத்த அழுத்தம், சிறுநீரகம், பித்தப்பை என்று எது இருந்தாலும், மருத்துவரையும் பதிவு பெற்ற உணவியல் நிபுணரையும் பார்த்துவிட்டு வரச் சொல்லுங்கள். ஒரு வாடிக்கையாளர் தாமதமாக வருவதால் உங்களுக்கு நட்டம் இல்லை.

எழுதும்போது ஒவ்வொரு சார்ட்டின் அடியிலும் மொத்தக் கலோரியையும் மொத்தப் புரதத்தையும் எழுதுங்கள். தேவையிலிருந்து முந்நூறு முதல் ஐந்நூறு வரை மட்டும் குறையுங்கள். மருத்துவர் சொல்லாமல் 1,200-க்குக் கீழே ஒரு சார்ட்டும் உங்கள் கையிலிருந்து போகக் கூடாது. சிறுநீரகக் கோளாறு இல்லாதவருக்கு ஒரு கிலோ எடைக்கு ஒரு கிராமாவது புரதம் இருக்கட்டும். பாலோ தயிரோ கேழ்வரகோ ஏதாவது ஒரு வழியில் சுண்ணாம்புச் சத்து தினமும் போகட்டும்.

ஓட வைப்பதோடு நிறுத்தாமல் வாரத்துக்கு இரண்டு நாளாவது பளு தூக்கக் கற்றுக்கொடுங்கள். அந்த வயதில் அவருக்கு உங்களால் செய்ய முடிந்த மிகப் பெரிய உதவி அதுதான்.

இருபத்தொரு நாளில் எட்டுக் கிலோ என்று விளம்பரம் செய்வதை நிறுத்துங்கள். மாதத்துக்கு ஒன்றரை, இரண்டு கிலோ என்று உண்மையைச் சொல்லுங்கள். 68 கிலோ உள்ளவர் மூன்றரைக் கிலோ குறைத்தாலே, அதாவது ஐந்து சதவீதம் குறைந்தாலே, சர்க்கரையும் ரத்த அழுத்தமும் இறங்கத் தொடங்கும் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். எடை இயந்திரத்தோடு ஒரு டேப்பையும் வைத்துக்கொள்ளுங்கள். பெண்ணின் இடுப்புச் சுற்றளவு 80 சென்டிமீட்டரை நோக்கி வருகிறதா, மாடிப்படி ஏறும்போது மூச்சு வாங்குவது குறைந்திருக்கிறதா என்று பாருங்கள். மயக்கம், படபடப்பு, கொத்துக்கொத்தாய் முடி உதிர்தல், மாதவிடாய் நிற்பது, வயிற்று வலி என்று எதைச் சொன்னாலும், "டீடாக்ஸ் ஆகுது, தாங்கிக்கோங்க" என்று சொல்லாதீர்கள். சாப்பாட்டைக் கூட்டி, மருத்துவரிடம் அனுப்புங்கள்.

கடைசியாக, குழுவில் மன்னிப்புக் கேட்க வைக்காதீர்கள். சாப்பிட்டதற்காக எந்தப் பெண்ணும் யாரிடமும் மன்னிப்புக் கேட்க வேண்டியதில்லை.

வருகிற திங்கட்கிழமை உங்கள் அடுத்த குழு தொடங்கும். அதற்குள் கைப்பேசியில் இருக்கும் பழைய சார்ட்டுகளைத் திறந்து ஒவ்வொன்றையும் கூட்டிப் பாருங்கள். 1,200-ஐத் தொடாதவற்றை அழித்துவிடுங்கள். ஏற்கெனவே அவற்றைப் பின்பற்றிக்கொண்டிருக்கும் பெண்களைக் கூப்பிட்டு, இன்றிலிருந்து இன்னும் கொஞ்சம் சாப்பிடச் சொல்லுங்கள். நீங்கள் சொன்னால் அவர்கள் கேட்பார்கள்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்களோடு தினமும் மதியச் சாப்பாடு சாப்பிடும் ஓர் ஆசிரியை